பதின்மூன்று டேபிள், இரண்டு டப்பா

அன்று எங்கள் கம்பெனியில், தைத்து வந்த சட்டைகளில் குறை பார்க்கிற செக்கிங்கில் இருந்தவர்கள் பதினான்கு பேர். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வராது. ஒன்றாம் டேபிள், கண்ணாடி போட்டவர். இரண்டாம் டேபிள், பிசிறு வெட்டாமல் விடுகிறவர். மூன்றும் நான்கும் அக்கா தங்கை. அக்காவுக்குக் காலரில் இருக்கும் குறை தெரியாது, தங்கைக்குச் சட்டைக் கையில் இருக்கும் குறை தெரியாது. ஐந்தாம் டேபிள், அடிக்கடி தண்ணீர் குடிக்கிறவர். ஆறாம் டேபிள் வசந்தாமணி. ஏழாம் டேபிள், எண்ணெய்க் கறையைக் கவனிக்காமல் விடுகிறவர். எட்டு, ஒன்பது, பத்து மூவரும் ஒரே வேனில் வருகிறவர்கள். வேன் தாமதமானால் மூவரும் தாமதம். பதினொன்று, இருமுகிறவர். பன்னிரண்டு, சிரிக்கிறவர். முன்பு சிரித்தவர் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். பதின்மூன்றாம் டேபிள் பூவரசி. அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பதினான்காவது நான், ராக்கியப்பன், செக்கிங் சூப்பர்வைசர்.

காலேஜிலிருந்து வந்த ஜெனிட்டா மேடமும் எங்கள் சின்ன முதலாளியும் அங்கே நின்றார்கள். அவர்கள் செக்ஷன் ஆட்கள் இல்லை. கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன் கத்தரிக்கோல் தேடி நடுவில் வந்து போனார். அவரையும் சேர்க்கக் கூடாது.

நீங்கள் உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள். உங்கள் கம்பெனி பத்து குரோஸ் பட்டன் அனுப்பியிருப்பதாக பில் சொல்கிறது. ஒரு குரோஸுக்கு நூற்று நாற்பத்து நான்கு. நான் எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். மற்ற கம்பெனிகளில் எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள் என்று நீங்கள் சொல்வது சரிதான். அது அவர்கள் பழக்கம். வண்டி வெளியே நிற்கட்டும்.

அந்தத் தட்டில் தனியாக ஒரு வெள்ளைப் பட்டன் இருக்கிறதே, அதைத் தொடாதீர்கள். அது உங்கள் கணக்கில் வராது.

உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசாமல் பட்டனைப் பார்த்துப் பேசுகிறேன் என்று தவறாக நினைக்க வேண்டாம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதற்கும் அதுதான் காரணம். வாத்தியார் எழுந்து நின்று படிக்கச் சொல்வார். நான் எழுந்து நிற்பேன், படிக்க மாட்டேன். செக்கிங்கில் இருந்தபோது யாரிடமும் நேராகப் பேச வேண்டிய தேவை வரவில்லை. பக்கத்து டேபிளிடம் சொல்லிவிடுவேன். இங்கே பக்கத்தில் யாரும் இல்லை. அதனால் உங்களிடமே சொல்ல வேண்டியிருக்கிறது.

பெண்கள் வேலை செய்கிற இடம். பொது இடத்தில் அடுத்த வீட்டுப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எனக்கு வராது. அதனால்தான் டேபிள் நம்பர். ஏழாம் டேபிள் தப்புச் செய்தால் ஏழாம் டேபிளிடம் சொல்ல மாட்டேன். ஆறாம் டேபிள் வசந்தாமணியிடம் போய், “ஏழாம் டேபிளுக்குச் சொல்லுங்க, காலர்ல எண்ணெய்க் கறை” என்பேன். ஏழாம் டேபிள் இரண்டு அடி தள்ளித்தான் நிற்பார். காதில் விழும். ஆனாலும் வசந்தாமணி திரும்பி, “ஏனுங்க்கா, காலர்ல கறையாமா” என்று ஒரு தடவை சொல்லுவார். அதுதான் முறை. வசந்தாமணி தப்புச் செய்தால் யாரிடம் சொல்வேன் என்று கேட்பீர்கள். ஏழாம் டேபிளிடம்.

நான் யாரையும் திட்டியது கிடையாது. பத்தொன்பது வருஷம். குரலை உயர்த்தியதுகூடக் கிடையாது. டேமேஜ் பீஸ் ஒன்று செக்கிங்கைத் தாண்டிப் போய்விட்டால், அதை எடுத்து வந்து, அதை விட்ட டேபிளுக்கு மேலே ஒரு கயிற்றுக் கொடி கட்டியிருந்தேன், அதில் தொங்கவிடுவேன். அவ்வளவுதான். சாயங்காலம் மணி அடிக்கும் வரை தொங்கும். ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஒரு நாள் ஒன்பதாம் டேபிளுக்கு மேலே பதினொரு பீஸ் தொங்கிற்று. வெளியிலிருந்து வந்த ஒருவர் யார் வீட்டிலோ சலவை என்று நினைத்துவிட்டார். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம், பின்னால் நிற்பேன். வேலை பார்க்கும்போது பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். முன்னால் நின்றால் முகத்தைப் பார்க்க வேண்டும். பின்னால் நின்றால் கை மட்டும் தெரியும். எனக்குக் கை போதும். சிலர் நான் நிற்கும்போது பார்த்து முடித்த பீஸையே மறுபடி மறுபடி திருப்பிப் பார்ப்பார்கள். அதை நான் பெரிதுபடுத்தியதில்லை.

காலையில் வணக்கம் சொல்வார்கள். முந்தின நாள் டேமேஜ் இல்லாதவர்களுக்குத் திருப்பி வணக்கம் சொல்வேன். மற்றவர்களுக்குச் சொல்ல மாட்டேன். இதற்கும் திட்டுவதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை.

இதற்கு நேர் எதிர் கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன். அந்த ஆள் வாய் திறந்தால் கடைசி கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் எழுந்து நிற்பார். “ஏன்டா, கத்திரியப் புடிக்கச் சொன்னா கரண்டியப் புடிக்கறாப்ல புடிக்கறே, உங்கப்பன் வீட்டுக் கல்யாணத்துக்கு சாம்பார் ஊத்தறயா?” என்பார். அந்தப் பையன், “மாஸ்டர், நீங்க சொல்லிக் குடுத்த புடிதானுங்க” என்பான். உடனே எல்லோரும் சிரிப்பார்கள், சென்னியப்பனும் சிரிப்பார். வேலை செய்கிற இடத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்குக் காது கூசும்.

இப்படி இருக்கும்போதுதான் எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பார்ட்டி ஒரு புது விதி அனுப்பிற்று. கம்பெனியில் மனதை நோகடிக்கிற வேலை எவ்வளவு நடக்கிறது என்று செக்ஷன் வாரியாக அளந்து அனுப்ப வேண்டும். எந்த செக்ஷனில் பாதிக்கு மேல் ஆட்கள் ஆமாம் என்கிறார்களோ, அந்த செக்ஷனின் தலைமை ஆள் அங்கே இருக்கக் கூடாது. சின்ன முதலாளி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: “பாதிக்கு மேல போச்சுன்னா ஆளை மாத்தித்தான் ஆகோணும். ஆர்டரே அதுல தொங்குது. காலியா இருக்கறது பட்டன் ரூம் ஒண்ணுதான்.”

எல்லோரும் சென்னியப்பனைப் பார்த்தோம். அவர், “என்னை எதுக்குய்யா பாக்கறீங்க” என்று கத்தினார். அதிலேயே தெரிந்துவிட்டது.

எனக்கு அவர் மேல் விரோதம் கிடையாது. வாய்தான் மோசம், மனிதர் நல்லவர். இந்தப் பட்டன் ரூமுக்கு வந்து கஷ்டப்படப் போகிறாரே என்று இருந்தது. அப்போது இந்த ஃபேன் ஓடாது. எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து சரி செய்தேன். ஜன்னலுக்கு ஒரு கொக்கி போட்டேன். வெளியே டிபன் கேரியர் வைக்க ஒரு பலகை அடித்தேன். சென்னியப்பனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவராக வந்து பார்க்கும்போது தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த ஃபேன்தான் இது. நன்றாகக் காற்று வருகிறதில்லையா?

இது இரண்டாவது குரோஸ். சரியாக இருக்கிறது.

ஜெனிட்டா மேடம் முதலில் கொண்டு வந்தது காகிதம். இருபத்திரண்டு கேள்வி. உங்களை யாராவது மற்றவர் முன்னால் சிறுமைப்படுத்துகிறார்களா, உங்களோடு பேசாமல் ஒதுக்குகிறார்களா, அளவுக்கு மேல் கண்காணிக்கிறார்களா, இப்படி. ‘இல்லவே இல்லை’யிலிருந்து ‘தினமும்’ வரை கட்டம். டிக் அடிக்க வேண்டும். பெயர் எழுத வேண்டாம்.

மேடம் சொன்னார்: “ஒரு தடவை நடந்தா அது இதுல சேராது. ஆறு மாசமா, வாரத்துக்கு ஒரு தடவையாவது நடந்திருக்கணும். அப்பதான் கணக்கு.”

அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. அளவு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நானும் உதவி செய்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி வசந்தாமணியிடம் சொன்னேன்: “எல்லாருக்கும் சொல்லுங்க, பயப்படாம டிக் அடிக்கச் சொல்லுங்க.” பிறகு மேடத்திடம், “பேர் இல்லையேன்னு கவலைப்பட வேண்டாங்க மேடம். இவங்க தினமும் பாத்து முடிச்ச பீஸ் ஸ்டிக்கர்ல டிக் அடிக்கறாங்க. யார் டிக் எதுன்னு எனக்குத் தூரத்துல இருந்தே தெரியும். நான் எடுத்துக் குடுக்கறேன்” என்றேன்.

மேடம் என்னைப் பார்த்தார். பன்னிரண்டு டேபிளும் குனிந்திருந்தன. பதின்மூன்றாம் டேபிளில் அப்போது ஆள் இல்லை.

என்னுடையதோடு சேர்த்துப் பதின்மூன்று காகிதமும் வந்தன. எல்லாக் கேள்விக்கும் எல்லோரும் ‘இல்லவே இல்லை’. ஒரு டிக் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது தம்பி. கட்டிங்கில் பதினெட்டுப் பேர். அங்கே தினமும் திட்டுகிறார், அளவுக்கு மேல் வேலை, டீக்கு விடுவதில்லை என்று கன்னா பின்னாவென்று அடித்திருந்தார்கள். ஒருவன் மூலையில் சென்னியப்பன் படம்கூட வரைந்திருந்தான். வாய் பெரிதாக.

ஆனால் மேடம் சந்தோஷப்படவில்லை. படித்தவர்களுக்கு நல்ல செய்தி வந்தால் சந்தேகம் வந்துவிடுகிறது. “சார், நான் கன்னியாஸ்திரி மடத்துல படிச்சவ. அங்ககூட இப்படி சுத்தமா பூஜ்யம் வராது” என்றார். சின்ன முதலாளியோடு தனியாகப் பேசினார். இந்தக் காகிதம் எதையும் சேர்க்க முடியாது, வேறு வழியில் அளக்க வேண்டும், கட்டிங்கையும் சேர்த்து எல்லோரையும் மறுபடி அளக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

வேறு வழி பட்டன்.

அது நடந்த நாளைத்தான் முதலில் சொன்னேன். ஆளுக்கு ஒரு வெள்ளைப் பட்டன், ஒரு கறுப்புப் பட்டன். அட்டைப் பெட்டிகளை அடுக்கி அதற்குப் பின்னால் இரண்டு பிஸ்கட் டப்பா, மூடியில் ஓட்டை போட்டு. ஒவ்வொருவராகப் போக வேண்டும். மனதை நோகடிக்கிறார்கள் என்றால் முதல் டப்பாவில் கறுப்பு. இல்லை என்றால் வெள்ளை. கையில் மிஞ்சுவதை இரண்டாவது டப்பாவில் போட்டுவிட வேண்டும். ஏனென்றால் கறுப்புப் போட்டவர் கையில் வெள்ளை மிஞ்சும், வெள்ளை போட்டவர் கையில் கறுப்பு மிஞ்சும். மிஞ்சியதைப் பார்த்தால் போட்டது தெரிந்துவிடும். மேடம் இதையெல்லாம் யோசித்திருந்தார். பட்டன் எண்ணிக் கொடுக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெள்ளை பதினான்கு, கறுப்பு பதினான்கு.

நான் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கப் போனேன். மேடம், “சார், நீங்க கேட்டுக்கு வெளிய நில்லுங்க” என்றார். நின்றேன். டிங், டிங் என்று சத்தம் மட்டும் கேட்டது. பூவரசி போகும்போது மேடத்திடம் ஏதோ கேட்டாள். மேடம் ஏதோ சொன்னார். கடைசியாக நான் போனேன். முதல் டப்பாவில் வெள்ளை போட்டேன். என் மனதை நோகடிக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

முதல் டப்பாவைத் திறந்து கொட்டினார்கள். கறுப்பு பன்னிரண்டு. வெள்ளை இரண்டு.

டப்பா மாறிப் போயிற்று என்றேன். இரண்டாவது டப்பாவையும் கொட்டினார்கள். வெள்ளை பன்னிரண்டு, கறுப்பு இரண்டு. அப்படியானால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் அர்த்தம் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். மேடம் எல்லோரிடமும் கேட்டார். எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். மூன்று தடவை எண்ணினேன். எண்ணுவதற்கு நேரம் ஆயிற்று. யாரும் தலை நிமிரவில்லை. இருமுகிறவர்கூட இருமவில்லை.

கட்டிங்கில் பதினெட்டுக்குக் கறுப்பு மூன்று. அந்த மூன்றும் விளையாட்டுக்குப் போட்டது என்று சென்னியப்பனே அவர்களை மிரட்டி ஒப்புக்கொள்ள வைத்தார்.

சின்ன முதலாளி நல்ல மனிதர். என்னைத் தனியாகக் கூட்டிப்போய், “பெரியவரே, எங்கப்பா காலத்து ஆளு நீங்க. மூணு மாசம் டைம் வாங்கியிருக்கறேன். அப்புறம் இன்னொரு தடவை அளப்பாங்க. அதுக்குள்ள கொஞ்சம் பாத்து நடந்துக்கோங்க. அந்தக் கொடிய மொதல்ல அவுருங்க” என்றார்.

எனக்கு அந்த செக்ஷன்தான் எல்லாம் தம்பி. வீட்டில் நான் மட்டும்தான். மனைவி போய் எட்டு வருஷம். காலையில் செக்கிங் லைட்டைப் போடும்போதுதான் எனக்கு விடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் பதின்மூன்று டேபிளும் ஒரே கோட்டில் தெரியும். அதைவிட்டு எங்கே போவது?

நான்காவது குரோஸில் ஒரு பட்டன் உடைந்திருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் பக்கமாக எடுத்து வைக்கிறேன், அவ்வளவுதான். வண்டியில் மாற்றுப் பட்டன் இருக்கிறதா? கொண்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.

ம், சரி. இதை அதில் சேர்த்துவிட்டேன்.

கறுப்புப் போட்டவர்கள் யார் என்று நான் தேடவில்லை. அப்படித் தேடுவது தப்பு. வெள்ளை போட்டவர் யார் என்றுதான் தேடினேன். இரண்டு வெள்ளையில் ஒன்று என்னுடையது. இன்னொன்று? பன்னிரண்டு பேர் தப்பாகப் புரிந்துகொண்ட இடத்தில் ஒரே ஒருவர் என்னைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டாமா? நன்றி சொல்லத்தான் தேடினேன்.

ஒவ்வொருவராக வரச் சொல்லி வசந்தாமணியிடம் சொல்லி அனுப்பினேன். வந்து நின்றதும், கூச்சமாக இருக்கும் என்று அவர்களைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். பின்னால் நின்று, மெதுவாக, “அன்னைக்கு வெள்ளை போட்டது நீங்களா?” என்று கேட்டேன்.

முதல் டேபிள், “நான்தானுங்க சார்” என்றார்.

எனக்கு நிம்மதியாகப் போயிற்று. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, மற்றவர்களையும் கேட்டுவிடலாம் என்று கேட்டேன். இரண்டாம் டேபிள், “சத்தியமா நான்தானுங்க சார்” என்றார். அக்கா, “நானுங்க” என்றார். தங்கை, “எங்கக்கா இல்லீங்க, நானுங்க” என்றார். வேனில் வருகிற மூவரும் ஒன்றாக வந்து ஒன்றாக, “நாங்கதானுங்க” என்றார்கள். ஏழாம் டேபிள் அழுதுகொண்டே சொன்னார். என் மேல் அவ்வளவு மரியாதை. வசந்தாமணியை ஏழாம் டேபிள் மூலமாகக் கேட்டேன். அவரும்தான் போட்டாராம்.

கடைசியில் பூவரசி. அவள் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. “நான்தான் சார் போட்டேன். அன்னிக்குக் காத்தாலதானே வேலைக்கு வந்தேன். எனக்கு என்ன தெரியும்? மேடத்துகிட்டக் கேட்டேன், ஒண்ணும் நடக்கலைன்னா வெள்ளை போடுன்னாங்க, போட்டேன்” என்றாள். தர்மபுரிப் பக்கத்துப் பெண். பேச்சு கொஞ்சம் நீளம். மற்ற பன்னிரண்டு பேரும் சொன்னதைத்தான் இவளும் சொல்கிறாள் என்று அதையும் சேர்த்துக்கொண்டேன்.

ஆகப் பதின்மூன்று வெள்ளை. என்னோடு பதினான்கு. அப்படியானால் டப்பாவில் எப்படிப் பன்னிரண்டு கறுப்பு வரும்? மேடம் நடுவில் ஒரு நாள் வந்தபோது இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீங்க எப்படிக் கேட்டீங்க சார்?”

“மெதுவாத்தாங்க மேடம். பின்னால நின்னு.”

“எல்லாரும் ஒரே பதிலா?”

“ஒருத்தர் மாறலைங்க. உங்க டப்பாவைவிட என் கணக்கு சுத்தம்.”

அவர் எதையோ எழுதிக்கொண்டார். என் கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருப்பார்.

மூன்று மாதமும் பார்த்துத்தான் நடந்தேன். கொடியை அன்றைக்கே அவிழ்த்தேன். நாலு பேர் பார்க்கத் தொங்குவதுதான் குறை என்றால், யாரும் பார்க்காமல் செய்யலாமே என்று யோசித்தேன். டேமேஜ் பீஸை நன்றாக மடித்து, சம்பந்தப்பட்டவரின் சாப்பாட்டுப் பையின் மேல் வைத்துவிடுவேன். மத்தியானம் சாப்பிட எடுக்கும்போது அவருக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. ஒரு நாள் பூவரசியின் பையின் மேல் ஒன்று வைத்தேன். சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. காலர் பட்டியில் தையல் விட்டிருந்ததை அவள் பார்க்காமல் விட்டிருந்தாள். அவள் பையைத் திறக்கவே இல்லை. மணி அடிக்கும் வரை சும்மா உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை விரதமோ என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் சிலர் இருப்பார்கள்.

ஒரு நாள் டீக்கடையில் சென்னியப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு மட்டும் மெதுவாகப் பேசினார். அவருக்கு அது எவ்வளவு சிரமம் என்று கழுத்து நரம்பைப் பார்த்தால் தெரிந்தது.

“ராக்கியப்பண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? நான் கத்தறேன். என் பசங்க திருப்பிக் கத்தறானுங்க. உங்ககிட்ட யாராச்சும் என்னைக்காச்சும் திருப்பிப் பேசியிருக்காங்களா?”

“ஒருத்தர்கூட இல்ல” என்றேன். “பத்தொன்பது வருஷத்துல ஒருத்தர்கூட இல்ல.”

சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது. அவர் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போனார். தோற்றதை ஒப்புக்கொள்கிற மனிதர்.

ஏழாவது குரோஸ் முடிந்தது. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள் தம்பி, பார்த்தால் நான் எண்ணுவதை விட்டுவிட்டு உங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்று மாதம் கழித்து மேடம் மறுபடி அளக்க வந்தார். அதே பதினான்கு பேர், அதே இரண்டு டப்பா. நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். எனக்குப் பயமே இல்லை. பதின்மூன்று பேரும் வாயாலேயே சொல்லிவிட்டார்களே. டப்பாவைக் கொட்டினார்கள். கறுப்பு பதின்மூன்று. வெள்ளை ஒன்று.

அந்த ஒன்று யாருடையது என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பூவரசியும் கறுப்புத்தான் போட்டிருக்கிறாள். ஆறு மாதம் என்கிற விதிக்கு அவள் வரவே மாட்டாள், அவள் வந்து மூன்று மாதம்தானே, அதைக் கழிக்க வேண்டும் என்று மேடத்திடம் சொன்னேன். கழித்தாலும் பன்னிரண்டு, பாதிக்கு மேல்தான் என்றார் மேடம். கழிக்கவில்லை. வந்த அன்று வெள்ளை போட்ட பெண். மற்றவர்களோடு சேர்ந்து கெட்டுப் போய்விட்டாள். வேறென்ன சொல்வது?

சின்ன முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே கூட்டி வந்தார். “ஃபேன் எல்லாம் நல்லாத்தான் ஓடுது போலிருக்கே” என்றார். ஆமாம் என்றேன். சரி செய்தது யார் என்று சொல்லவில்லை.

இங்கே வந்து ஏழு மாதம். வேலை சுத்தம். பட்டனுக்கு முகம் கிடையாது, எண்ணலாம். வேண்டுமென்கிறவர்கள் இந்த ஜன்னலுக்கு வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். பழைய செக்கிங் ஆட்களும் வருவார்கள், இரண்டு இரண்டு பேராக. என்னிடம் நேராகப் பேசுவதில்லை. “ஏனுங்க்கா, பட்டன் ரூமுக்குச் சொல்லுங்க, கருப்பு நாலு ஓட்டை ரெண்டு குரோஸ்” என்று ஏழாம் டேபிள் வசந்தாமணியிடம் சொல்லுவார். வசந்தாமணி ஜன்னலைப் பார்த்து, “ரெண்டு குரோஸாமா” என்பார். நான் சொல்லிக் கொடுத்த முறை. மறக்கவில்லை. பட்டன் ரூம் என்றால் நான்தான். பெயர் சொல்வதில்லை.

முறையாகத்தான் பேசுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் அவர்கள் போன பிறகு கொஞ்ச நேரம் எண்ணிக்கை நிற்பதில்லை. முப்பதுக்கு மேல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. வயது.

ஒரு தடவை ஒரு குரோஸில் நூற்று நாற்பத்து மூன்று போய்விட்டது. என் கணக்கில் அப்படி நடந்ததே இல்லை. யாரும் வந்து கேட்கவில்லை, சண்டை போடவில்லை. மத்தியானம் சாப்பிடப் போகும்போது பார்க்கிறேன், அந்தப் பாக்கெட்டை மடித்து, வெளியே பலகையில் இருந்த என் டிபன் கேரியர் மேல் வைத்திருந்தார்கள். கேரியரைத் திறக்கவில்லை. பசியில்லை. விரதமெல்லாம் நான் இருப்பதில்லை.

சென்னியப்பன் மட்டும் தினமும் பதினொரு மணிக்கு வந்து ஜன்னல் கம்பியைத் தட்டி, “என்னய்யா, உள்ளே உசுரோட இருக்கறீங்களா, இல்ல பட்டனாட்டம் ஓட்டை விழுந்து போச்சா?” என்று கத்துவார். காது வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார். நானும் அன்றைக்கு வேலை இல்லாமலே ஒரு பதினொரு மணி வரை வந்து இருந்துவிட்டுப் போகிறேன். ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்கத்தான்.

போன வாரம் ஜெனிட்டா மேடம் மறுபடி வந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா செக்ஷனையும் அளக்க வேண்டுமாம். பட்டன் ரூமும் ஒரு செக்ஷன். ஆள் நான் ஒருவன்.

“ஒருத்தர் போட்டா யார் போட்டதுன்னு தெரிஞ்சிடாதுங்களா மேடம்?” என்று கேட்டேன்.

“நான் பாக்க மாட்டேன் சார். கட்டிங் டப்பாவோட சேத்துக் கொட்டிடறேன்” என்றார். ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் என் கையில் வைத்தார். அதே கேள்வி. ஆறு மாதமாக, வாரத்துக்கு ஒரு தடவையாவது, உங்கள் மனதை நோகடிக்கும்படி யாராவது நடக்கிறார்களா?

சிரிப்பாக இருந்தது. இங்கே ஒருவர் உள்ளே வருவதில்லை, சென்னியப்பனைத் தவிர நேராகப் பேசுகிறவர் இல்லை. பிறகு எப்படி நோகடிப்பார்கள்?

மேடம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் ஒருவன்தான் என்றாலும் முறைப்படி, டப்பாவை மறைத்து அடுக்கியிருந்த பட்டன் பெட்டிகளுக்குப் பின்னால் போனேன். கொஞ்ச நேரம் ஆயிற்று. மேடம், “சார், ஆச்சா?” என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார். பிறகு டிங் என்று சத்தம் வந்தது. பட்டன் எத்தனை சின்னது, டப்பாவில் விழும்போது என்ன சத்தம்.

இரண்டாவது டப்பாவை அவர் கொண்டு வரவில்லை. மிஞ்சியதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

எதைப் போட்டேன் என்று நீங்கள் கேட்கக் கூடாது தம்பி. அது ரகசியம், சொன்னால் சர்வே செல்லாது.

உங்கள் கணக்கு முடிந்தது. பத்து குரோஸ், ஆயிரத்து நானூற்று நாற்பது. குறையவும் இல்லை, கூடவும் இல்லை. இதோ கையெழுத்து. பார்த்தீர்களா, எடை போட்டிருந்தால் இந்தச் சுத்தம் வருமா? கிளம்புங்கள். அடுத்த முறையும் நீங்களே வாருங்கள், வேறு ஆளை அனுப்ப வேண்டாம்.

அதை எடுக்காதீர்கள் என்றேனே. உங்கள் பையிலிருந்து விழுந்ததில்லை. அது என்னுடையது.

தட்டில் மிச்சம் ஒன்று. வெள்ளை.